கொஞ்சம் கோணல்

மரம் வண்டியில் படுக்க மாட்டேன் என்றது.

ரம்பத்துக்கு முன்னால், தண்டவாளத்தில் ஓடுகிற சின்ன வண்டி அது. மரத்தை அதில் ஏற்றி, ஆப்பு வைத்துத் தள்ளினால் எப்பேர்ப்பட்ட முரட்டு மரமும் அந்தப் பக்கம் பலகையாகப் போய் விழும். இந்த மரம் மட்டும் எந்தப் பக்கம் வைத்தாலும் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு, கோபித்துக்கொண்டதுபோல் திரும்பிப் படுத்தது.

"ஏங்க, வளைஞ்ச மரம் நானும் பாத்திருக்கேன்," என்றாள் மில்காரரின் மனைவி, கடப்பாரையில் சாய்ந்துகொண்டு. "இது வளைஞ்சு, முறுக்கிக்கிட்டு, அப்புறம் மனசு மாறித் திரும்பி வந்திருக்கே!"

மில்காரர் சிரிக்கவில்லை. சுவரில் காலண்டர் மாட்டுவதற்குக்கூட நூல் பிடித்துப் பார்க்கிறவர் அவர். கோணல் என்றாலே அவருக்கு ஆகாது.

"அவர் என்னதான் சொன்னார்? இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள் மனைவி.

"'ஒரு மரம் லாரியில அனுப்பியிருக்கேன். கொஞ்சம் கோணல். பாத்து நேராப் பலகை போட்டு வைங்க, சாயங்காலம் வரேன்'னார். ஃபோனை வெச்சிட்டார்."

"கொஞ்சமா!"

"பெரிய மனுஷன். குறையைக் குறைச்சுத்தான் சொல்லுவார்."

'அவர்' என்றால் தச்சர். தச்சர் என்றால் சும்மா தச்சர் இல்லை. மில்காரரின் மகளுக்குப் பிடித்துப்போன பையனைப் பெற்றவர். யார் வீட்டுக்குப் போனாலும், உட்காருவதற்கு முன்னால் கதவை ஒரு முறை சாத்தித் திறந்து பார்த்து உச்சுக் கொட்டுகிறவர். கல்யாணப் பேச்சுக்கு இத்தனை மாதமாக அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் முதல் முறையாக மில்லுக்கு வருகிறார். மகள் காலையிலிருந்து வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தாள். அவள் முகம் வாடினால் மில்காரருக்குப் பச்சைத் தண்ணீர்கூட இறங்காது.

காலையில் மில்காரர் மில் வளாகத்துக்கு வந்தபோது லாரி வந்து போய்விட்டிருந்தது. மரம் இரண்டு கிடந்தது. ஒன்று நீளமாக, நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. இன்னொன்று இது. நெஞ்சுயரம்தான் இருக்கும். நேர் மரத்தின் இடுப்பில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"நேரா இருக்கிறது நாற்காலிக் கடைக்காரரோடது," என்று மில்காரர் அப்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "நாளைக்கு மரம் வரும்னார், முன்னாடியே அனுப்பிட்டார் போல. இதைப் போய் யாராவது கோணல்னு சொல்லுவாங்களா?"

கோணல் மரத்தை இழுத்து எடுத்தவுடன், நேர் மரம் சரிவில் உருண்டு போய், அவர் மனைவியின் சைக்கிளைப் படுக்கப் போட்டுவிட்டு, கேட்டுக்குக் குறுக்கே நின்றது. அதைத் தள்ள நேரமில்லை என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

"எனக்கு ஒண்ணு புரியலை," என்றாள் மனைவி. "நல்ல தச்சர், இந்த மரத்தை எதுக்கு வெச்சிருக்கார்? பாருங்க, நடுவுல கயிறு வேற கட்டியிருக்கு."

"அடிபடாம இருக்கத்தான். மேல மை மாதிரி என்னவோ பூசியிருக்கார், பாத்தியா? பூச்சி வராம இருக்க. எவ்வளவு அக்கறை!"

"அப்படி என்ன மரம் இது?"

அதுதான் மில்காரருக்கும் தெரியவில்லை. முகர்ந்து பார்த்தார். நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தும் பார்த்தார். டீசல் மாதிரி இருந்தது.

"பரீட்சை வெக்கிறார்," என்றாள் மனைவி கடைசியில். "நேர் மரத்துல யார் வேணா பலகை போடலாம். கோணல்ல நேர் எடுக்கிறவனா இருந்தாத்தான் சம்பந்தம்னு இருக்கார்."

மில்காரருக்கு அது சட்டென்று மனசில் ஒட்டிக்கொண்டது.

"அப்பா, பேசாம ஃபோன் பண்ணிக் கேட்டுடுங்களேன்," என்றாள் மகள்.

"பரீட்சை எழுதும்போது வாத்தியாரைக் கேப்பாங்களா? நீ போய் ஆப்பு எடுத்துட்டு வா."

கூனை மேலே வைத்து, இரண்டு முனைக்கும் ஆப்பு அடித்து, ரம்பத்தை ஓட விட்டார். முதல் பலகை அழகாக, நேராக வந்தது. மூன்று பேரும் அதைத் தரையில் வைத்துப் பெருமையோடு பார்த்தார்கள்.

"ஏங்க," என்றாள் மனைவி மெதுவாக. "இது அசையுது."

குனிந்து பார்த்தார்கள். உண்மைதான். தூங்கி எழுந்த பூனை முதுகை வளைக்கிறாற்போல், பலகை நிதானமாக நடுவில் எழும்பிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் மரத்தின் உள்ளே அடக்கி வைத்திருந்த முறுக்கு, அறுத்தவுடன் வெளியே வருகிறது. மில்காரருக்கு விஷயம் தெரியும். ஆனால் கண்ணெதிரே இவ்வளவு அவசரமாக வந்து பார்த்ததில்லை.

"எல்லாரும் அது மேல ஏறி நில்லுங்க!"

ஏறி நின்றார்கள். 'படார்' என்றது. பலகை இரண்டாகி, மகள் மரத்தூள் குவியலில் போய் உட்கார்ந்தாள்.

"சரி, இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னு மாத்தி மாத்தி அறுத்தா முறுக்கு சரியாப் போயிடும்," என்றார் மில்காரர். அடுத்த பலகை எதிர்ப்பக்கம் வளைந்தது. உடைந்ததைப் பொருத்தி இரண்டையும் பக்கத்தில் வைத்தபோது, ஒன்று சிரித்தது, இன்னொன்று அழுதது.

"ரெண்டும் சேந்தா நேர்தானே?" என்று மகள் கேட்டாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துகொண்டிருந்தது.

மில்காரர் யோசித்தார். "மரத்தைப் பாதியா வெட்டினா கோணலும் பாதியாயிடும்." இது தொழிலில் உள்ள உண்மை. எனவே மிச்ச மரத்தைக் குறுக்கே வெட்டினார். ஒரு பாதியை ஏற்றித் தள்ளியபோது 'கிரீச்' என்று ஒரு சத்தம். கயிறு கட்டியிருந்த இடத்தில் மரத்துக்குள் ஆணி. ரம்பத்தின் பல் வரிசையில் பாதி போச்சு.

"ஆணி எதுக்குங்க அடிச்சிருக்கார்?"

"அதுவும் பரீட்சையிலதான் வரும். பேசாம இரு."

புது ரம்பம் மாட்டி, மற்றப் பாதியை ஏற்றினார். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். நூல் பிடித்தார், சீவினார். திருப்பினார், மறுபடி சீவினார். மரத்தூள் முழங்காலுக்கு ஏறியது. மரம் சின்னதாகிக்கொண்டே வந்தது. மில்காரருக்கு ஒரு கட்டத்தில் தச்சரே மறந்துபோய்விட்டார். இந்தக் கோணலுக்குள் ஒரு நேர் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

வெயில் தாழ்ந்தபோது அது கையில் இருந்தது. முழங்கை நீளம், நாலு விரல் அகலம். வளையவில்லை, முறுக்கவில்லை. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார்கள். அசையவே இல்லை.

"குட்டியா இருந்தாலும் லட்சணமா இருக்கு," என்றாள் மனைவி. அவள் கண் கலங்கியிருந்தது.

வாசலில் லாரி வந்து நின்றது. டிரைவரோடு தச்சரும் இறங்கினார். கேட்டுக்குக் குறுக்கே கிடந்த நீள மரத்தைப் பார்த்ததும் நின்றார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, குனிந்து, அதன் நீளத்துக்கும் பார்வையை ஓட்டினார்.

"ச்சு. நடுவுல மயிரிழை கோணல்."

நாற்காலிக் கடைக்காரர் மரத்துக்கே இந்தப் பேச்சா என்று மில்காரர் பதறினார். இனி இவர் வாயைத் திறக்க விடக் கூடாது. ஓடிப்போய் பலகையை நீட்டினார்.

"வாங்க சம்பந்தி, வாங்க!"

"இன்னும் சம்பந்தி ஆகலைங்க," என்று மனைவி பின்னாலிருந்து கிள்ளினாள்.

கையில் பலகை வந்தால் தச்சருக்கு உலகம் மறந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பினார். விளிம்பில் விரல் ஓட்டினார். பையிலிருந்து மட்டக்கோல் எடுத்து வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் உச்சுக் கொட்டவே இல்லை.

"இந்த மாதிரி நேரை நான் பாத்ததில்லை," என்றார் கடைசியில். "இவ்வளவு பொறுமையாப் பலகை போடற வீட்டுல பொண்ணு எடுக்கிறதுக்கு இத்தனை நாள் யோசிச்சேனே, என்னைச் சொல்லணும். நல்ல நாள் பாத்துடலாம் சம்பந்தி."

மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"இதே மாதிரி என் மரத்தையும் போட்டுக் குடுத்திடுங்க," என்றார் தச்சர்.

"உங்க மரம்தான் சம்பந்தி இது!"

தச்சர் பலகையைப் பார்த்தார். கேட்டுக்குக் குறுக்கே கிடந்த மரத்தைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார்.

இதற்குள் வளாகம் முழுக்கக் குனிந்து குனிந்து எதையோ தேடிவிட்டு, டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டே வந்தான்.

"அண்ணே, காலையில இவர் மரம் சரிவுல உருண்டுடக் கூடாதேன்னு, லாரிச் சக்கரத்துக்கு வெக்கிற கட்டையை முட்டுக் குடுத்துட்டுப் போனேன். கோணலா, கயிறு கட்டி, கிரீஸோட இருக்குமே... பாத்தீங்களா?"