பாட்டுக்கு டீச்சரும் ‘சகோதரர்கள்’ பலகையும்

மதுரையில் பாட்டுக்கு டீச்சரைக் கேமராவோடு கண்டதும் எழுந்து நின்று சட்டைப் பொத்தானைப் போடாத பழைய கடைக்காரர் ஒருவர்கூடக் கிடையாது. எழுந்தவரை மறுபடி உட்கார வைக்காமல் டீச்சர் நகர்ந்ததும் கிடையாது.

“நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்கண்ணே. நான் பாட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்.”

இந்த ஒரு பேச்சால் வந்த பெயர்தான் அது. மற்றபடி பாட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. மிஷன் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்ச்சில் அவர் வாயைத் திறந்தால் ஆர்மோனியக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைப்பார். திருப்பரங்குன்றத்தில் ஒரு பூக்கடை அம்மா பெயரை நம்பி ஏமாந்தார்.

“எம் மகளுக்கு நாலு பாட்டு சொல்லிக் குடுங்க டீச்சர்.”

“அந்தப் பிள்ள என்னம்மா பாவம் பண்ணுச்சு?” என்றார் டீச்சர்.

ஓய்வு பெற்ற மறுமாதம் கேமரா வாங்கினார். ஊரில் இருக்கும் பழைய கடைகளையெல்லாம், இருக்கிற கோலத்திலேயே படமெடுப்பது என்று முடிவு. ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. பக்கத்து வீட்டில் ஸ்கூட்டரோடு நான் இருந்தேன். சனிக்கிழமை காலையானால் “தம்பி, வாரீங்களா?” என்று குரல் வரும். கேள்விக்குறி நான் மரியாதைக்காகப் போட்டது. அவர் கேட்டதில் கேள்வி எதுவும் இருக்காது.

ஒருமுறை குடைக்கடைகள் இருந்த ஒரு சந்துக்குள் நுழைந்தோம். கழுத்தில் கேமரா, கையில் நோட்டு, மூக்குக்கண்ணாடி வழியே கணக்கு டீச்சர் பார்வை. ஆக்கிரமிப்பை அளக்க வந்த அதிகாரி என்று முடிவு கட்டிவிட்டார்கள். நாங்கள் முதல் கடையைத் தாண்டுவதற்குள் சாக்கடை மேல் இருந்த பெஞ்சு, தொங்கிய குடைகள், வெளியே நீட்டியிருந்த தகரக் கூரை எல்லாம் உள்ளே போய்விட்டன. அந்தச் சந்து அம்புட்டு அகலம் என்று அன்றைக்குத்தான் அங்கிருந்தவர்களுக்கே தெரிந்தது.

டீச்சருக்கு முகம் வாடிவிட்டது. “என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க? எல்லாத்தையும் பழையபடி வெளிய எடுத்து வைங்க” என்றார். ஒவ்வொரு கடையாக நின்று, எது எம்புட்டு தூரம் தெருவுக்குள் வர வேண்டும் என்று அவரே சொல்லி அடுக்க வைத்தார். கடைசிக் குடையை மாட்டி முடித்தபோது நிஜ அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். நாங்கள் ஸ்கூட்டரில் கிளம்பிய வேகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் தொட்டதில்லை.

ஆனால் டீச்சர் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது டிரங்குப் பெட்டிக் கடைதான்.

தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் அண்ணன் தம்பி இருவர் நடத்திய தகரப் பெட்டிக் கடை அது. ஏதோ மனஸ்தாபத்தில் பேச்சு நின்று ஒன்பது வருடமாகியிருந்தது. நடுவில் பலகையடித்துக் கடையை இரண்டாக்கியிருந்தார்கள். மேலே அவர்களுடைய அப்பா எழுதி வைத்த நீளமான பெயர்ப்பலகை மட்டும் பிரியவில்லை. அதில் ‘சகோதரர்கள்’ என்று இருந்தது. அண்ணன் பக்கம் ‘சகோத’, தம்பி பக்கம் ‘ரர்கள்’.

டீச்சருக்கு முழுப் பலகையும் இரண்டு பேரும் ஒரே படத்தில் வேண்டும். அண்ணன் உட்கார்ந்தால் தம்பி ஷட்டரை இறக்குவார். தம்பி திறந்தால் அண்ணன் டீ குடிக்கப் போவார். இப்படி மூன்று சனிக்கிழமை ஓடியது. நான்காவது வாரம் போனபோது கட்டடத்தை இடித்துக் கட்டப் போவதாகச் சொல்லி, பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஆள் வைத்துக் கழற்றலாம். ஆனால் தன் பாதியை அடுத்தவன் தொடக் கூடாதாம். ஆளுக்கொரு ஏணி போட்டு, எழுபதை நெருங்கிய இருவரும் மேலே நின்றார்கள்.

டீச்சர் சந்தின் எதிர்ப்பக்கம் நின்று கேமராவைத் தூக்கினார். அப்போது நடு ஆணி பிடுங்கிக்கொண்டது. மொத்தப் பாரமும் இரண்டு பேர் கையிலும் இறங்கியது. அண்ணனின் ஏணி ஒரு சாண் நகர்ந்தது.

“விட்றாதடா” என்றார் அண்ணன். ஒன்பது வருடத்தில் முதல் பேச்சு.

“நான் எங்க விட்டேன்? நீ மொதல்ல ஒன் முட்டியப் பாரு. மாத்திர போட்டியா இல்லையா?”

“எம் முட்டி ஒனக்கு எப்படிரா தெரியும்?”

“நடுப் பலகைக்கு அங்கிட்டு நீ அனத்துறது எனக்குக் கேக்காதாக்கும்.”

நான் திரும்பினால் பக்கத்தில் டீச்சர் இல்லை. கேமரா என் கையில் இருந்தது. யாரையும் எதையும் மாற்றாமல் படமெடுக்கும் மனுஷி, சந்தைக் கடந்து ஓடி அண்ணனின் ஏணியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நான் ஜென்மத்தில் கேமராவைத் தொட்டதில்லை. எது பொத்தான் என்று தெரியாமல் எல்லாவற்றையும் அழுத்தினேன்.

பலகை பத்திரமாகக் கீழே வந்தது. திண்ணையில் உட்கார்ந்த அண்ணனுக்குத் தம்பி தண்ணீர் கொண்டுவந்து, “மெதுவாக் குடி” என்று அதட்டினார். டீச்சர் அந்தப் பக்கம் பார்க்காமல் புடவையில் ஒட்டிய துருவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு படம் விழுந்திருந்தது. பலகை சாய்ந்திருக்கிறது. சகோதரர்கள் வாயைத் திறந்து சண்டை போடுகிறார்கள். கீழே பாதிப் படத்தை டீச்சரின் முதுகு அடைத்திருக்கிறது.

“என்ன தம்பி, எம் முதுகத்தான் எடுத்திருக்கீங்க” என்றார். அப்புறம் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பரவால்ல, நல்லாத்தான் வந்திருக்கு” என்றார்.

புதுக் கட்டடத்தில் அண்ணனுக்கும் தம்பிக்கும் தனித்தனிக் கடை. இரண்டிலும் அந்தப் படம் மாட்டியிருக்கிறது. தினமும் பேசிக்கொள்கிறார்கள். பேச்சு என்றால் சண்டைதான், ஆனால் ஒரு நாள் தவறுவதில்லை.

போன மாதம் டீச்சரின் மகள் ஓசூரிலிருந்து வந்து, அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போக மூன்று நாள் மன்றாடிப் பார்த்தார். டீச்சர் மறுத்துவிட்டார். அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு ஒரு கிலோ அல்வா வாங்கிக்கொண்டு போனேன். என்ன விசேஷம் என்று மனைவி கேட்டதற்கு, சும்மாதான் என்று சொல்லிவைத்தேன்.