சேக்காட்டு ரேடியோவும் காலரா ஊசியும்

ஜப்பான்காரனோடு பர்மாவில் யுத்தம் நடத்தியவர்கள் யார் யாரோ. ஆவடிப் பக்கத்தில் அந்த யுத்தத்தை முழுக்க முழுக்க நடத்தியவர் ஒரே ஆள். சேக்காட்டுப் புங்கமரத்தடியில் சவரம் செய்துவந்த 'ரேடியோ'தான் அவர்!

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். நான் சுகாதாரப் பயிற்சி முடித்து, மரத்துக்கு எதிரே இருந்த டிஸ்பென்சரியில் ஊசி போடும் வேலைக்கு வந்த முதல் நாளே என் பெயரும் காணாமல் போயிற்று. காலையில் அவர் "ஊசிம்மா" என்றார். மாலைக்குள் ஊரே "ஊசிம்மா" என்றது. அவருடைய ஒலிபரப்பின் வேகம் அப்படி!

அவர் தொழில் செய்யும் முறையைச் சொல்லியாக வேண்டும். முதலில் வலது கன்னத்தை மழமழவென்று வழிப்பார். அடுத்து இடது கன்னத்தில் நுரை பூசுவார். பிறகு கத்தியைத் தொண்டைக்குழி அருகே நிறுத்திக்கொண்டு சேதியை ஆரம்பிப்பார். அந்த நிலையில் மறுத்துப் பேச யாருக்குத் தைரியம் வரும்? பாதி முகத்தோடு எழுந்து போகத்தான் முடியுமா? ஆகவே சேக்காட்டில் சவரப் பலகையில் இருக்கும்வரை ரேடியோ சொன்ன எதையும் எவரும் மறுத்ததே கிடையாது.

"பருத்திப்பட்டு ஏரியில நீர்மூழ்கிக் கப்பல் வந்துகீது நைனா. மூக்கு மட்டும் மேல தெரியுது!" என்றார் ஒருநாள். பலகையில் உட்கார்ந்திருந்த செங்கல் சூளை மேஸ்திரி கத்தியைத் தள்ளிவிட்டு, கன்னத்து நுரையோடு ஏரிக்கு ஓடினார். பெஞ்சில் காத்திருந்தவர்கள் அவர் பின்னால் ஓடினார்கள். எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமலே சந்தைக்கு வந்தவர்களும் ஓடினார்கள். ஏரியில் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது ஓர் எருமை.

"எருமைய்யா அது!" என்று மேஸ்திரி திரும்பி வந்து கத்தினார்.

ரேடியோ அசரவில்லை. "இப்ப எருமை. நீ போறதுக்கு முன்னால இன்னாவா இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா? உட்காரு, அந்தப் பக்கம் காயுது."

இன்னொரு நாள் வேப்பம்பட்டுப் பனந்தோப்பில் பாராசூட் இறங்கிற்று. தடிகளோடு போன நம்மூர் வீரர்கள், காற்றில் பறந்துவந்த யாருடைய படுக்கை விரிப்பையோ கைது செய்து கொண்டுவந்தார்கள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். ஒரு சேதியும் தவறிவிடக் கூடாதென்று டிஸ்பென்சரி ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தேன்.

அப்புறம் ஏரிக்கு அக்கரையில் காலரா வந்தது. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அங்கே பாடைகள் போய்க்கொண்டிருந்தன. அதே ஏரித் தண்ணீரைத்தான் சேக்காடும் குடித்தது. மருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கிற்று. நான் ஸ்பிரிட் அடுப்பில் ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஓர் ஈ, காக்கைகூட வரவில்லை. காரணம், ஜன்னல் வழியாகவே கேட்டது.

"ஊசி போட்டுக்கினா பர்மாவுக்கு அனுப்பிடுவான் நைனா! பட்டாளத்துக் கேம்புக்கு முடி வெட்டப் போனப்ப என் கண்ணாலயே பார்த்தேன். வரிசையா நிக்க வச்சு ஊசி. அடுத்தது ரயிலு. ஏறிப்போனவன் ஒருத்தனாச்சும் திரும்பி வந்தானா? சொல்லு!"

யார் சொல்வது? கத்தி தொண்டையில் இருக்கிறதே!

சப்-இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். "இந்தக் காலத்துல வதந்தி பரப்புறது பெரிய குற்றம்மா. நீ ஒரு புகார் எழுதிக் கொடு. சாயங்காலத்துக்குள்ள அந்த ஆளை உள்ளே தள்ளி வாயை அடைச்சிடுறேன்."

பேனாவை எடுத்துவிட்டேன். எடுத்த கையோடு இரண்டு விஷயங்கள் தோன்றின. ஒன்று, இவர் இன்னும் பேசினால் இங்கேயும் பாடை கட்டுவார்கள். இரண்டு, இவரைப் பிடித்துக்கொண்டு போனால், "உண்மையைச் சொன்னான், தூக்கிட்டாங்க" என்று ஊர் முடிவு கட்டிவிடும். பிறகு நான் ஊசியை எருமைக்குத்தான் போட வேண்டும்.

"ஒரு நாள் பொறுங்கள்" என்றேன்.

"அதுக்குள்ள எவனாவது செத்தா?"

பேனாவை மூடிவிட்டு, மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன். நேராகப் போய் அவருடைய சவரப் பலகையில் உட்கார்ந்தேன்!

பெஞ்சில் இருந்தவர்கள் தேள் கொட்டினாற்போல எழுந்து நின்றார்கள். ரேடியோவின் கையிலிருந்து கத்தி நழுவியது.

"இன்னா ஊசிம்மா இது? பொம்பளைங்க உட்கார்ற இடமா?"

"உங்களிடம் சேதி கேட்க வந்திருக்கிறேன். சொல்லுங்கள். இன்று கத்தி இல்லாமல் சொல்லுங்கள்."

அவர் மிரண்டாலும் பின்வாங்கவில்லை. "கேம்புல ஊசி போட்டுத்தான ரயில் ஏத்துறாங்க? பொய்யா அது?"

"உண்மை."

பெஞ்சு ஒரு தரம் மூச்சிழுத்தது.

"ஊசி போட்டதால் ரயில் ஏற்றவில்லை. போகிற இடத்தில் தண்ணீர் கெட்டது. அதனால் ஊசி போட்டு அனுப்புகிறார்கள். ஊசி போட்டுக்கொண்ட சமையல்காரர், பெருக்குகிறவர் எல்லாரும் அதே கேம்பில் இருக்கிறார்களே, அவர்களைப் பார்க்கவில்லையா?"

ரேடியோ யோசித்தார். "கீறாங்க. சமையல்காரருக்குப் போன வாரம்கூட முடி வெட்னேன்."

"அப்படியானால் நீட்டுங்கள் கையை."

ஊர்த் தொண்டைகளையெல்லாம் கத்திமுனையில் ஆண்ட மனிதர், என் சின்ன ஊசியைப் பார்த்ததும் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இன்னிக்கு நாள் சரியில்ல ஊசிம்மா!"

"அண்ணாத்தே, ஊருக்கெல்லாம் சேதி சொல்ற, நீயே பயந்தா எப்படி?" என்று மேஸ்திரி அவருடைய கையைப் பிரித்து நீட்டினார். ரேடியோ போட்ட அலறல் ஆவடி ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும்.

மாலையில் அவருக்கு ஜுரம். தோள் வீங்கிவிட்டது. ஊரே அவர் வீட்டு வாசலில் நின்று ரயிலுக்குக் காத்திருந்தது. மறுநாள் காலையில், ஒரு கையைத் துண்டில் தொங்கவிட்டபடி மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தார்.

"ஜுரம் வந்துச்சு. வலி வந்துச்சு. ரயிலு வரல!"

அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். ஜனங்களின் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அது மட்டுமா? விடிஞ்சதும் தலையைத் தடவிப் பார்க்குறேன், முடி அடர்த்தியா வந்துகீது!"

அடுத்த அரைமணியில் டிஸ்பென்சரி வாசலில் கூட்டம். ஆவடி வட்டாரத்து வழுக்கைத் தலைகள் எல்லாம் முன்வரிசையில்! டிஸ்பென்சரிச் சேவகர் வாயெல்லாம் பல்லாக நின்றார். நான் மறுபடியும் ரோட்டைத் தாண்டினேன்.

"முடி வளராது. போய்ச் சொல்லுங்கள்."

"ஊசிம்மா! இது உங்க பக்கத்துச் சேதி!"

"பொய் எந்தப் பக்கமும் வேண்டாம். நாளைக்கு முடி வளரவில்லை என்றால், காலரா ஊசியும் பொய் என்பார்கள்."

அவர் முகம் வாடிவிட்டது. ஆனாலும் வந்தார். வரிசையின் முன்னால் நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: "முடி வளராதாம். காலரா வராம காப்பாத்துமாம்."

"பெரும்பாலும் காப்பாற்றும். தண்ணீரைக் காய்ச்சியும் குடிக்க வேண்டும்" என்று திருத்தினேன்.

"பெரும்பாலும்னு ஒரு சேதியா? இதை எவன் கேப்பான்?" என்று என்னிடம் நொந்துகொண்டார். ஆனால் அதையும் அப்படியே உரக்கச் சொன்னார். வழுக்கைத் தலைகளில் சில நழுவின. மேஸ்திரி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் பெண்கள், இடுப்பில் பிள்ளைகளோடு. ஊசிகள் கொதித்து ஆற ஆற எடுத்துப் போட்டேன். அந்தப் பருவம் முழுவதும் சேக்காட்டில் ஒரு பாடையும் கட்டவில்லை.

இப்போது என்னைப் பூந்தமல்லிக்கு மாற்றியிருக்கிறார்கள். நல்ல ஊர். தண்டோரா போட்டதும் ஜனங்கள் வந்து, ஒரு வார்த்தை கேட்காமல் கையை நீட்டிவிட்டுப் போகிறார்கள். ஊசியைக் கையில் எடுத்துவிட்டு, யாராவது சண்டைக்கு வரமாட்டார்களா என்று நான்தான் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.