நானூறு பேர் போட்ட பணமும் நான் போட்ட முத்திரையும்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு முதலாளி இருந்தான். ஊர், கடலோர ஒனோமிச்சி. முதலாளி, ஷிங்கோ என்கிற நான். கம்பெனியில் என்னைத் தவிர என் மனைவி சயோகோ மட்டும்தான்.

போன வருஷம் ஒரு சோம்பேறி ஆக்டோபஸைப் பற்றிப் படக்கதைப் புத்தகம் போட ஆசைப்பட்டேன். கையில் காசில்லை. இணையத்தில் கேட்டேன். முகம் தெரியாத நானூறு பேர் சேர்ந்து இருபது லட்சம் யென் போட்டார்கள்! அச்சடித்து ஆளுக்கொரு பிரதி அனுப்பியது போக, மிச்சம் ஆறு லட்சம். கடைத்தெருவில் நிற்கும் பழைய சிவப்பு மோட்டார் சைக்கிளின் விலையும் சரியாக ஆறு லட்சம். வரிக்காரர்கள் ஒரு யென் தொட்டாலும் வண்டி போச்சு.

ஆகவே வரிக்கணக்கு கொடுக்கக் கிளம்பிய அன்று காலை, ஒரு மகத்தான முடிவெடுத்தேன்.

"சயோ, அந்த இருபது லட்சத்தைக் கணக்குல காட்ட வேண்டாம். அது வருமானமே இல்ல. கல்யாணத்துல உறையில வெச்சுத் தருவாங்களே, அந்த மாதிரி அன்பளிப்பு."

"அப்படியாங்க? அப்போ நம்ம வழக்கப்படி பாதியைப் பதில் சீரா அனுப்பணுமே. நானூறு வீட்டுக்குத் துண்டு, தேயிலைன்னு பத்து லட்சம்."

"அதான் புத்தகம் அனுப்பியாச்சே!"

"காசு வாங்கிட்டுப் புத்தகம் கொடுத்தா அதுக்குப் பேர் வியாபாரங்க."

"சரி, வியாபாரம்தான். வரி எதுக்கு? மொத்தத்துக்கா?"

"செலவு போக மிச்சத்துக்கு. மிச்சத்தை என்ன செய்யறதா உத்தேசம்?"

"காகிதம் வாங்கணும்."

"ரெண்டு சக்கரம் வெச்ச காகிதமா?"

வரி அலுவலகத்து அம்மாள் எங்கள் தாள்களைப் புரட்டினார். "வரி ஒண்ணும் இல்லைங்க. மிச்சமே இல்லையே."

"ஆறு லட்சம் இருக்கும்மா!"

"மனைவிக்குச் சம்பளம், மாசம் ஐம்பதாயிரம். பன்னிரண்டு மாசத்துக்கு ஆறு லட்சம், அதுவும் செலவுதானே. போன வருஷத் தொடக்கத்துலயே முறைப்படி மனு கொடுத்திருக்கீங்க. இதோ, உங்க முத்திரை."

கையெழுத்துக்குப் பதிலாக நான் குத்தும் என் முத்திரையேதான். ஓரத்தில் நூடுல்ஸ் குழம்புக் கறை வேறு. சாப்பிடும்போது சயோகோ ஏதோ தாளை நீட்டினாள், படிக்காமலே குத்தினேன். அப்போது ஆக்டோபஸுக்கு எட்டுக் காலும் வரைந்து முடியவில்லை. அதற்குள் இவள் வருஷக் கடைசிவரை பார்த்துவிட்டாள்! கோபப்படத்தான் நினைத்தேன். கைதட்டத்தான் தோன்றியது.

"பணம் பாங்க்குல இருக்குல்ல, சயோ?"

"பத்திரமா இருக்குங்க. என் பேர்ல."

வாசலில் ஒரு சின்ன உறையை நீட்டினாள். "இந்த மாசக் கைச்செலவுக்கு. பார்த்துச் செலவு பண்ணுங்க."

இரண்டு கையாலும் வாங்கி, குனிந்து வணங்கினேன். சம்பளக்காரி முன்னால் நடந்தாள். முதலாளியான நான், பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று உறைக்குள் பார்த்தபடியே பின்னால் போனேன்.