சிறுத்தை அலாரமும் சாமந்திப்பூ அண்ணனும்

ஒரு காட்டில், செல்போன் கோபுரம் வந்த கையோடு பொழுதுபோக்கும் வந்து சேர்ந்தது. அதுவரைக்கும் அங்கே மேய்வது, மேய்கிறவர்களைத் தின்பது என்று இரண்டே தொழில்கள்தான். இப்போது எல்லாருக்கும் எலக்ட்ரானிக்ஸ் பித்து. கூரியரில் கிட் வரவழைத்து, புதருக்குள் உட்கார்ந்து எதையாவது செருகிக்கொண்டிருந்தார்கள். காட்டுப்பன்றி, இருட்டினால் தானாக எரியும் விளக்கு ஒன்று செய்தது. அது தானாக எரிந்தது, அணையத்தான் இல்லை. பன்றி இப்போது பக்கத்துப் புதரில் போய்த் தூங்குகிறது.

சரசாள் என்ற சருகுமானுக்கு மட்டும் இது பொழுதுபோக்கு இல்லை. சருகுமானுக்குப் பெயரில்தான் மான் இருக்கிறதே தவிர, உயரம் முயலுக்குச் சற்றே கூட. விழுந்து கிடந்த மரத்தின் பொந்துதான் அவள் வீடு. வாசல் ஒன்றே ஒன்று. அந்தப் பக்கம் புதிதாக ஒரு சிறுத்தை வந்திருப்பதாகப் பேச்சு. பார்த்ததாகச் சொல்ல ஆள் இல்லை, ஏனென்றால் பார்த்தவர்கள் திரும்பி வரவில்லை. போன வாரம் அடுத்த புதர்க் கேளையாட்டு மாமன் தண்ணீர் குடிக்கப் போனார். அவ்வளவுதான்.

ஆகவே சரசாள் சிறுத்தை அலாரம் செய்தாள். பொந்துக்கு வரும் பாதையின் ஒரு பக்கம் சின்ன டார்ச். எதிர்ப்பக்கம் வெளிச்சத்தை உணரும் சென்சார். யாராவது நடுவே வந்து வெளிச்சத்தை மறித்தால், பொந்துக்குள் பஸ்ஸர் அலற வேண்டும். அவள் பாய்ந்து வெளியே ஓட வேண்டும். கிட்டோடு வந்த படத்தைப் பார்த்துப் பார்த்து, ஓட்டை ஓட்டையாக இருந்த வெள்ளைப் பலகையில் ஒயர்களைச் செருகினாள். எல்லாம் படத்தில் இருந்த மாதிரியேதான் இருந்தது. பஸ்ஸர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. காலால் மறித்துப் பார்த்தாள். முதுகால் மறித்துப் பார்த்தாள். கடைசியில் பஸ்ஸரைக் கெஞ்சிப் பார்த்தாள்.

வேறு வழியில்லாமல் காட்டு எலக்ட்ரானிக்ஸ் உதவிக் குழுவில் படம் எடுத்துப் போட்டாள். "அலாரம் அடிக்க மாட்டேங்குதுங்க. யாராச்சும் சொல்லுங்க."

முதல் பதில் ஆறுச்சாமி என்ற மந்தியிடமிருந்து வந்தது. "போர்டு போச்சுங்க. புதுசு வாங்கிக்கங்க." ஆறுச்சாமி எல்லாக் கேள்விக்கும் இதையே சொல்வார். ஒருமுறை பல் வலிக்கு மருந்து கேட்ட உடும்புக்கும் இதைத்தான் சொன்னார்.

அடுத்தவர் குழுவின் நிர்வாகி, ஆமை. "ஏற்கெனவே பதில் சொல்லப்பட்ட கேள்வி. மேலே தேடிப் பார்க்கவும்." சரசாள் மேலே தேடினாள். மேலேயும் ஆமைதான், அதே பதிலோடு உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் சாமந்திப்பூ படம் வைத்திருந்த ஒருவர் வந்தார். பெயர் போட்டுக்கொள்ளாத அவரைக் குழுவில் சாமந்திப்பூ அண்ணன் என்பார்கள். கத்துக்குட்டிகளைத் திட்டாத ஒரே ஆள் அவர்தான்.

"பேட்டரி மாட்டியிருக்கீங்களா அம்மிணி? தப்பா நினைக்காதீங்க, எல்லார்த்தையும் மொதல்ல கேக்கறதுதான்."

"மாட்டியிருக்கறேனுங்கண்ணா."

"எந்த ஒயர் எங்க போகுதுன்னு படத்துல தெரியலீங்க. நேர்ல ஒரு நடை வந்து பாக்கட்டுங்களா? எங்க இருக்கீங்க?"

சரசாளுக்குக் கண் கலங்கிவிட்டது. பொந்து இருக்கும் இடத்தை வழியோடு, அடையாளத்தோடு அனுப்பினாள்.

வெயில் சாயும் நேரத்தில் பாதையில் ஒரு சிறுத்தை வந்தது. டார்ச் வெளிச்சத்தை மறித்துக்கொண்டு நடந்தது. பஸ்ஸர் மூச்சு விடவில்லை. சிறுத்தை நின்றது. பின்னால் போய், மறுபடியும் மறித்து நடந்தது. தலையை ஆட்டியது.

"சரிதானுங்க அம்மிணி, அடிக்கத்தான் இல்லை" என்றபடி பொந்துக்குள் தலையை நுழைத்தது. "நாந்தானுங்க சாமந்திப்பூ. பேரு நாச்சிமுத்து."

சரசாள் பொந்தின் கடைசிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஓட வேண்டிய வாசலில் நாச்சிமுத்து நிறைந்திருந்தார். "வா... வாங்கண்ணா" என்று மட்டும் வந்தது.

"அலாரம் எதுக்குங்க வெச்சிருக்கீங்க?"

நல்ல பொய்யாக ஒன்று யோசிக்க அவகாசம் இல்லை. "சிறுத்தைக்குங்கண்ணா."

நாச்சிமுத்து பலகையை எட்டிப் பார்த்தார். "நல்ல யோசனைதானுங்க" என்றார்.

"என்னைத் தின்னுருவீங்களா?"

"பின்னென்னங்க, இத்தனை தொலைவு நடந்து வந்திருக்கறனே. ஆனா வேலையை முடிச்சுட்டுத்தான் மத்ததெல்லாம். ஓடாத போர்டைப் பாத்துட்டு அப்படியே விட்டுட்டா எனக்குத் தூக்கம் வராதுங்க."

"அத்திப்பழம் இருக்குது, சாப்பிடறீங்களா?" என்றாள் சரசாள், வீட்டுக்கு வந்தவரைக் கேட்டுப் பழகிய வாயோடு.

"வேண்டாமுங்க. பசியைக் கெடுத்துக்கக் கூடாது பாருங்க."

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகை மேல் குனிந்தார். நகத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். "இங்க பாருங்க. போர்டு ஓரத்துல போற இந்தச் செவப்புக் கோடு முழுசும் ஒரே கரண்டுப் பாதைன்னு நினைச்சுட்டீங்க. நடுவுல உட்டுப்போயிருக்குது, தெரியுதுங்களா? பேட்டரி இந்தப் பாதியில. பஸ்ஸர் அந்தப் பாதியில. கரண்டு எப்படித் தாண்டும்?"

"எனக்கு அறிவே இல்லீங்கண்ணா."

"அட, சும்மா இருங்க. மொதத் தடவை எல்லாரும் இங்கதான் மாட்டுவாங்க. நானே மாட்டியிருக்கறேன்."

சரசாளுக்கு வாழ்நாளில் இவ்வளவு பொறுமையாக யாரும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. இப்படிப்பட்ட மனுசன் வாயில் போய்ச் சேர வேண்டியிருக்கிறதே என்று வருத்தமாகக்கூட இருந்தது.

நாச்சிமுத்து ஒரு ஒயரைப் போட்டு இரண்டு பாதிகளையும் சேர்த்தார். பஸ்ஸர் இன்னும் பேசவில்லை. "ஓ, இதையும் தலைகீழாச் செருகிட்டீங்க. பிளஸ்ஸு அந்தப் பக்கம் வரோணும். இதைத் திருப்பிட்டா அவ்வளவுதானுங்க."

அவ்வளவுதான் என்றதும் சரசாளுக்கு உறைத்தது. இந்த நிமிடம் வரை அவள் உயிரைக் காத்துக்கொண்டிருந்தது அவள் செய்த தப்புகள்தான். அதில் ஒன்றை நாச்சிமுத்து சரிசெய்துவிட்டார். மிச்சம் இருப்பது இன்னும் ஒன்றே ஒன்று. புதிதாக ஒரு தப்பு உடனே தேவை.

அவர் பஸ்ஸரைப் பிடுங்கித் திருப்புவதில் மூழ்கியிருந்தபோது, சரசாள் தலையைத் தாழ்த்தினாள். பஸ்ஸருக்குப் போகும் கறுப்பு ஒயரைக் கடைவாயில் வைத்து, பதமாக ஒரு கடி கடித்தாள். மேலே இருந்த உறை அப்படியே இருந்தது. உள்ளே கம்பி அறுந்தது.

"என்ற வால் வெளிய வெளிச்சத்தை மறிச்சுட்டுத்தானுங்க கிடக்குது?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"நல்லா மறிக்குதுங்கண்ணா."

"அப்ப அடிக்கோணுமே." அவர் பலகை மேல் கையை ஊன்றினார். அந்த அழுத்தத்தில், அறுந்த கம்பியின் இரண்டு நுனிகளும் தொட்டுக்கொண்டன. பஸ்ஸர் காது கிழியக் கத்தியது. அவர் முகம் மலர்ந்தது. கையை எடுத்தார். சத்தம் நின்றது. ஊன்றினார், கத்தியது. எடுத்தார், நின்றது.

"விட்டு விட்டு வருது" என்றார்.

இந்தத் தொழிலில் இதைவிடப் பொல்லாத வியாதி கிடையாது. செத்துப்போன போர்டைப் பிழைக்க வைத்துவிடலாம். அப்பப்போ பிழைத்துக்கொள்ளும் போர்டை ஒன்றுமே செய்ய முடியாது. நாச்சிமுத்து சென்சாரை மாற்றிச் செருகினார். பேட்டரியைத் துடைத்தார். பலகையைத் தூக்கி ஊதினார். கையை ஊன்றினால் மட்டும் பஸ்ஸர் கத்தியது.

"ஒயர்ல ஏதாச்சும்..." என்று இழுத்தாள் சரசாள்.

"ஒயர் பாத்தாலே தெரியுதுங்களே, நல்லாத்தான் இருக்குது" என்றார் அவர், சற்று விறைப்பாக. "கரண்டு ஓடுதான்னு பாக்கற மீட்டர் ஒண்ணு இருந்தா இப்பவே சொல்லிருவேன்."

"மீட்டரை ஆறுச்சாமி எடுத்துட்டுப் போனாருங்கண்ணா. திருப்பியே தரல."

"அந்தாளு அப்படித்தான்."

"நான் போய் வாங்கிட்டு வந்தரட்டுங்களா?"

நாச்சிமுத்து கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"திரும்பி வந்துருவீங்களா?"

"என்ற போர்டு இங்கதானுங்கண்ணா கிடக்குது. பாதி வேலையில போட்டுட்டு யாராச்சும் போவாங்களா?"

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. அவரால் அப்படிப் போக முடியாது. ஆகவே உலகத்தில் யாராலும் முடியாது. ஊன்றிய கையை எடுக்காமல் இடுப்பை மட்டும் ஒதுக்கி வழிவிட்டார். "சுருக்கா வாங்க அம்மிணி. கையை எடுத்தா எந்த இடத்துல அழுத்தினேன்னு மறந்துரும்."

சரசாள் மீட்டர் வாங்கப் போகிறவளைப் போலவே பாதைத் திருப்பம் வரை நடந்து போனாள். திருப்பம் தாண்டியதும் ஓடினாள். ஆறுச்சாமியின் மரத்தடியிலும் நிற்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் போய்த்தான் மூச்சு விட்டாள்.

அலாரம் அதற்குப் பிறகு அநேகமாக நிற்கவே இல்லை. சிறுத்தை எங்கே இருக்கிறது என்று இப்போது காடு முழுக்கத் தெரிந்துவிட்டது. பஸ்ஸர் கத்திக்கொண்டிருக்கும் வரை எல்லாரும் நிம்மதியாகத் தண்ணீர் குடித்தார்கள். எப்போதாவது நாச்சிமுத்து மூக்கைச் சொறியக் கையை எடுத்தால், சட்டென்று சத்தம் நிற்கும். காடே தலையைத் தூக்கிப் பார்க்கும். மறுபடி கத்த ஆரம்பித்ததும் மேய்ச்சல் தொடரும்.

ஒருநாள் குழுவில் சாமந்திப்பூ முதன்முதலாக ஒரு கேள்வி போட்டது. "விட்டு விட்டு வரும் கோளாறு. கையை எடுத்தா நின்னுருது. யாராச்சும் உதவுங்க."

"போர்டு போச்சுங்க. புதுசு வாங்கிக்கங்க" என்றார் ஆறுச்சாமி.

"மேலே தேடிப் பார்க்கவும்" என்றது ஆமை.

மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சரசாள் எழுதினாள்: "பேட்டரி மாட்டியிருக்கீங்களாண்ணா? தப்பா நினைக்காதீங்க, எல்லார்த்தையும் மொதல்ல கேக்கறதுதான்."

"மாட்டியிருக்கறேனுங்க அம்மிணி. மீட்டர் கெடைச்சுதுங்களா?"

"தேடிட்டே இருக்கறேனுங்கண்ணா. கையை மட்டும் எடுத்தராதீங்க."

நீதி: நல்ல அலாரம் எதிரி வருவதைச் சொல்லும், கெட்ட அலாரம் எதிரியை அங்கேயே உட்கார வைக்கும். ஆகவே வாசலில் ஒரு ஒயரை எப்போதும் கடித்தே வைக்கவும். மீட்டரை மந்தியிடமிருந்து திருப்பிக் கேட்க வேண்டாம்.