அரண்மனை வாசல் கல்

"இந்த அரண்மனைக் கல்லு ஒண்டாவது ஆரின்ர வீட்டில கிடந்தாலும் அவருக்கு வீட்டுத்திட்டம் இல்லை" என்று தொல்பொருள் அதிகாரி யசோதரன் அறிவித்துவிட்டுப் போனதிலிருந்து அமிர்தநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. போர் முடிந்து மீள்குடியேறிய வாரமே, கடலோரத்துப் பழைய அரண்மனை வாசலில் கிடந்த கல்லை உருட்டி வந்து, மனைவி றோசம்மாவுக்கு உடுப்புத் தோய்க்கப் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். அரசாங்கம் வீடு கட்டிக் கொடுக்கும் பட்டியலிலோ அவர் பெயர் மூன்றாவது.

விடியவே கல்லைத் தள்ளுவண்டியில் ஏற்றினார். வாசலில் போட்டால், நேற்றில்லாத கல் இன்றைக்கு எப்படி வந்ததென்று கேட்பார்களே. உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

அம்மாடி! ஓர் ஆள் குறுக்கே நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு அகலச் சுவர். ஒட்டினாற்போல் கன்னியர் மடம். கூரை போய்விட்டது, வளைவுகள் அசையவில்லை. காற்றடித்தால் தகரக் கொட்டிலைக் கையால் பிடித்துக்கொண்டிருக்கிற மனுசன், வாயைப் பிளந்தபடி நின்றார்.

மடத்து முற்றத்தில் இறக்கிய பிறகுதான் பார்த்தார், கல்லெல்லாம் காய்ந்த சவர்க்கார நுரை. சேட்டைக் கழற்றி, முழங்காலில் நின்று துடைத்துக்கொண்டிருக்கையில் பின்னால் யசோதரன்.

"என்ன செய்யிறியள்?"

"செபம் சொல்லுறன் ஐயா."

யசோதரன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து, கல்லின் நடுக்குழியைத் தடவினார். "கன்னியர் முழங்காலில நிண்டு தேய்ஞ்ச குழி. எத்தினை நூறு வருசமோ." அமிர்தநாயகத்துக்கு மயிர் கூச்செறிந்தது. இதிலா தன் இடுப்புச் சாரத்தை றோசம்மா அடித்துத் தோய்த்தாள்? சிலுவை போட்டுக்கொண்டார்.

"இதைச் சுத்தி வேலி போடவேணும். கால் மைலுக்கு ஒரு வீடும் கட்டேலாது."

அமிர்தநாயகத்தின் காணி கூப்பிடு தூரத்தில். சொன்னால் கள்ளன், சொல்லாவிட்டால் காணி போச்சு.

"ஐயா, இது மனுசி உடுப்புத் தோய்க்கிற கல்லு. வாசலில இருந்து நான்தான் கொண்டுபோனனான்."

"கன்னியரின்ர கல்லிலயோ?" யசோதரன் பேனையை எடுத்தார். "உங்கட பேர் என்ன?"

அந்நேரம் பார்த்து, அழுக்குடுப்புப் பேசினை இடுப்பில் ஏந்தி, கல்லைத் தேடி றோசம்மா வந்து சேர்ந்தாள்.

"அது முள்ளிக்குளத்தில எங்கட பழைய வீட்டுக் கிணத்தடிக் கல்லு ஐயா. இடம்பெயரேக்க சாமான் ஏத்தின உழவு மிசின் மணலில புதைய, பாரமெண்டு நான்தான் அரண்மனை வாசலில இறக்கிவிட்டனான். அந்தக் குழி நான் இருவது வருசமாத் தோய்ச்ச குழி."

யசோதரன் மெல்லச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டார். "அப்ப இவருக்கு அது தெரியாதோ?"

"எப்பிடித் தெரியும் ஐயா? இவர் எண்டைக்குக் கிணத்தடிக்கு வந்து ஒரு உடுப்புத் தோய்ச்சவர்?"