பத்திரமாகத் திரும்பிய வில்

விமானத்தில் போன விளையாட்டுப் பொருள்களின் வரலாற்றை யாராவது ஒருநாள் எழுதினால், எங்கள் வட்டார வில்வித்தைச் சங்கத்துக்கு அதில் தனி அத்தியாயம் ஒதுக்க வேண்டியிருக்கும். எங்கள் வில் போனது; வந்தது. ஒரு கீறல் இல்லை. ஒரு போட்டிக்குப் போன வில் இத்தனை பத்திரமாகத் திரும்பியதாக உலகில் வேறு தகவலே இல்லை என்கிறார் எங்கள் தலைவர். நான் சங்கத்தின் அலுவலக உதவியாளன். அவரை மறுக்கும் அளவுக்கு எனக்கு விவரம் போதாது. மாலை வகுப்பில் அலுவலக நிர்வாகம் படிக்கிறேன். பாதிப் பாடம்தான் முடிந்திருக்கிறது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தவறினால் குறை என்னுடையது, சங்கத்துடையது அல்ல.

சங்கத்திடம் நல்ல வில் ஒன்றே ஒன்றுதான். வெளிநாட்டுச் சரக்கு. அதன் விலையைச் சொல்லும்போதெல்லாம் பொருளாளர் குரலைத் தாழ்த்திக்கொள்வார், வில்லின் காதில் விழுந்துவிடும் என்பதுபோல. அதை ஒழுங்காக எய்யத் தெரிந்தவரும் ஒருவர்தான்: என் அக்கா. பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். விடிந்ததும் மைதானம், அப்புறம் ஆஸ்பத்திரி.

போன வருடத் தேர்வுப் போட்டிக்கு வில் பெட்டிக்குள் விமானத்தில் போனது. அக்கா ஓர் ஊரில் இறங்கினாள். வில் வேறோர் ஊரில் இறங்கி, போட்டி முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தது. பழகாத இரவல் வில்லில் எய்து நான்காவதாக வந்தாள். தேசிய முகாமுக்கு மூன்று பேரைத்தான் எடுப்பார்கள். இந்த வருடம் லீவு கேட்டபோது பெரிய டாக்டர், "இதுதாம்மா கடைசி. அடுத்த வருஷமும் வில்லு, அம்புன்னு வந்து நின்னே, அப்புறம் இந்தப் பக்கமே வராதே" என்று சொல்லிவிட்டார். ஆக, இந்தப் போட்டியில் மூன்றுக்குள் வந்தால் முகாம். இல்லையென்றால் காலம் பூராவும் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

போன வருட இழப்பைச் சங்கம் மிகக் கடுமையாக எடுத்துக்கொண்டது. அக்கா தோற்றதை அல்ல. பெட்டி தொலைந்ததை.

அவசரக் கூட்டம் கூடியது. எங்கள் அலுவலகம் ஒரு சலவைக்கடைக்கு மேலே இருக்கிறது. கீழே இஸ்திரி போட்டால் ஆவி தரை வழியாக மேலே வரும். அதனால் எங்கள் கூட்டங்களில் எல்லோருக்கும் வியர்க்கும். பார்க்கிறவர்களுக்குத் தீவிரமாகச் சிந்திப்பதுபோலத் தெரியும்.

அக்காதான் முதலில் பேசினாள். "சார், பெட்டிமேல பெரிய எழுத்துல பேரும் போன் நம்பரும் எழுதலாம். உள்ள, எங்க இருக்குன்னு போன்ல காட்டுற சின்னக் கருவி ஒண்ணு போட்டுடலாம். எல்லாரும் அப்படித்தான் கொண்டு போறாங்க."

செயலாளர் இரக்கத்தோடு சிரித்தார். "எல்லாரும் பண்றதையே நாமளும் பண்ணா, நமக்கு எதுக்கும்மா உபகுழு?"

உண்மைதான். நஷ்டத் தடுப்பு உபகுழு அப்போதே அமைக்கப்பட்டிருந்தது. அதில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் உறுப்பினர்கள். போட்டியில் கலந்துகொள்கிறவர் உணர்ச்சிவசப்படுவார் என்பதால் அவரைச் சேர்க்கவில்லை.

"கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க," என்றார் செயலாளர். "முழு வில்லு ஏன் தொலைஞ்சுது? முழுசா அனுப்பினதாலதானே? பிரிச்சு அனுப்பியிருந்தா?"

கீழே இஸ்திரிப் பெட்டி மட்டும் பெருமூச்சு விட்டது.

"பாதி தொலைஞ்சிருக்கும்," என்றார் பொருளாளர் மெதுவாக. அந்தச் சேமிப்பின் மதிப்பு அவருடைய முகத்தில் பரவுவதைப் பார்த்தேன்.

தீர்மானம் நிறைவேறியது. வில் மூன்றாகப் பிரிக்கப்படும். நடுவிலுள்ள கைப்பிடிக்குத் தலைவர் "காவலர்". அதன் மேலும் கீழும் பொருத்துகிற வளையும் கைகள் இரண்டுக்கும் செயலாளர். குறிபார்க்கும் கருவிக்கும் அம்புகளுக்கும் பொருளாளர். மூவரும் ஒரே விமானத்தில் போனால் மூன்றும் ஒன்றாகத் தொலையும் அபாயம் உண்டு. ஆகவே மூன்று விமானங்கள். கைப்பிடி விலை உயர்ந்தது என்பதால் அதற்கு ஜன்னலோர இருக்கை ஒன்று தனியாக.

"அப்ப நான்?" என்றாள் அக்கா.

பொருளாளர் கணக்குப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "டிக்கெட் காசு முடிஞ்சுபோச்சேம்மா. நீ ரயில்ல வந்துடு."

"ரெண்டு நாள் ரயில் சார்! போய் இறங்கின அன்னிக்கே போட்டி!"

"நீ தொலைஞ்சா நாலு பேரை விசாரிச்சு வந்துடுவே. வில்லுக்கு வாய் இருக்கா? சொல்லு, வாய் இருக்கா?"

வாய் இல்லை என்பதை அக்கா ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. நானும் அதைக் குறித்துக்கொண்டேன்.

மிச்சம் இருந்தது நாண். அது பாகமா, உதிரியா என்ற விவாதம் மற்ற எல்லாவற்றையும்விட நீண்டது. விலை மிகக் குறைவு; சட்டைப்பையில் அடங்கிவிடும். இவ்வளவு மலிவான பொருளுக்குக் காவலராக இருக்க யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் "உதிரி" என்று முடிவாயிற்று.

"அதைத் தம்பிகிட்ட குடுத்துடுங்க," என்றார் தலைவர். "அவனும் ரயில்ல போகட்டும். அனுபவம் வரும்."

கடைசியாகச் செயலாளர் விதியை வாசித்தார்: "ஒவ்வொரு காவலரும், மற்ற பாகங்கள் ஒப்படைக்கப்பட்டுவிட்டன என்பதை நேரில் உறுதி செய்த பின்னரே தம் பாகத்தை ஒப்படைக்க வேண்டும்."

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. என் சந்தேகங்கள் பெரும்பாலும் தவறானவை. ஆனாலும் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "சார், அப்ப முதல்ல யார் குடுப்பாங்க?"

செயலாளர் என்னை உற்றுப் பார்த்தார். "மாலை வகுப்புல இதைத்தான் சொல்லித்தர்றாங்களா?"

உட்கார்ந்துவிட்டேன்.

ரயிலில் அக்காவுக்குக் கிடைத்தது மேல் படுக்கை. நிமிர்ந்து உட்கார முடியாது. கழுத்தைச் சாய்த்துக்கொண்டே தோளுக்குப் பயிற்சி செய்தாள்.

"டேய், அது இருக்கா?"

"இருக்குக்கா." சட்டைப்பையைத் தட்டிக் காட்டினேன்.

"நல்லவேளை, உன்னை நம்பி ஒண்ணு குடுத்தாங்க. எனக்கு அதுவும் இல்ல."

இதற்கிடையே விமான நிலையத்தில் தலைவரைச் சோதனை அதிகாரி நிறுத்தியிருக்கிறார். பின்னர் தலைவரே பெருமையோடு சொன்னது இது.

"இது என்ன சார்?"

"வில்லு."

"இதுல வில்லு எங்க இருக்கு?"

"மீதி பின்னாடி வர்ற ரெண்டு விமானத்துல வருது."

அதிகாரி நீண்ட நேரம் யோசித்துவிட்டு வழிவிட்டாராம். சங்கத்தின் மேல் அவருக்கு ஏற்பட்ட மரியாதைதான் காரணம் என்று தலைவர் கருதுகிறார்.

போட்டி நாள் காலை. உபகுழுவின் திட்டம் முழு வெற்றி: மூன்று விமானங்களும் வந்துவிட்டன, மூன்று பாகங்களும் மைதானத்தில் இருந்தன. ரயிலும் வந்துவிட்டது. மைதானத்தின் ஓரத்தில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளில் மூன்று காவலர்கள். தலைவர் கைப்பிடியைத் துண்டில் சுற்றி, பிறந்த குழந்தையைப்போல மடியில் கிடத்தியிருந்தார். எதிரே கருவிச் சோதனை மேஜை. மணி அடிப்பதற்குள் வில்லைப் பூட்டி அங்கே காட்டினால்தான் எய்ய முடியும்.

"சார், குடுங்க சார், பூட்டிடறேன்," என்று கையை நீட்டினாள் அக்கா.

தலைவர் செயலாளரைப் பார்த்தார். "நீங்க குடுத்தாச்சா?"

"நீங்க குடுத்ததும் குடுக்கறேன் தலைவரே. விதி அப்படி."

"யோவ், விதிய எழுதினதே நீதானய்யா!"

"எழுதினவனே மீறலாமா?"

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு செயலாளர் எந்தச் சங்கத்துக்குக் கிடைப்பார்?

"நீங்களாவது சார்," என்று அக்கா பொருளாளரிடம் திரும்பினாள்.

"நான் ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கேன்மா. ரெண்டு பக்கமும் முடியட்டும்."

"ஐயோ, மூணு பேரும் ஒரே நேரத்துல மேஜையில வெச்சிடுங்களேன்! நான் எண்ணறேன். ஒண்ணு... ரெண்டு... மூணு!"

மூன்று பேரும் குனிந்தார்கள். ஆறு கைகள் நீண்டன. பாகங்கள் மேஜையைத் தொட்டன. ஒவ்வொருவரும் மற்ற இருவரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு விரல்கூட விடவில்லை. பின்பு மூவரும் ஒன்றாக நிமிர்ந்து, பாகங்களோடு நாற்காலிக்குத் திரும்பினார்கள். இத்தனை ஒற்றுமையை நான் எங்கள் சங்கத்தில் அதற்கு முன் பார்த்ததில்லை.

சோதனையாளர் பொறுமை இழந்தார். "ஏம்மா, உன் வில்லு இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார். மூணு நாற்காலியில இருக்கு."

பக்கத்து அணிப் பெண் ஒருத்தி, "என்கிட்ட இன்னொண்ணு இருக்குக்கா, எடுத்துக்குங்க" என்று ஓடி வந்தாள். இரவல் வில்லுக்குச் சங்கத்தின் கையெழுத்து வேண்டும். செயலாளர் துடித்துப்போனார். "நம்ம வில்லு கண்ணெதிர பத்திரமா இருக்கும்போது இரவலா? மானம் போயிடும்! தொலைஞ்சிருந்தா கேக்கலாம். தொலையலியே!" தவிர, அவரால் கையெழுத்துப் போடவும் முடியாது. அவருடைய இரண்டு கைகளிலும் வில்லின் இரண்டு கைகள் இருந்தன.

என் சட்டைப்பையில் நாண் இருந்தது. அது உதிரி, விதிக்குள் வராது. எடுத்து அக்காவிடம் கொடுத்தேன். அவள் ஒரு நிமிடம் அதைப் பார்த்தாள். பிறகு வாங்கிக்கொண்டு நேராகப் போய் எய்யும் கோட்டில் நின்றாள்.

மணி அடித்தது. வரிசையில் எல்லோரும் வில்லை உயர்த்தினார்கள். அக்கா வெறும் நாணை உயர்த்தினாள். இடதுகை நீண்டது, வலதுகை தாடை வரை இழுத்தது, மூச்சு நின்றது. இரண்டு நாள் ரயிலில் வந்த தோள் கொஞ்சமும் நடுங்கவில்லை. ஆனால் அவள் பார்த்தது இலக்குப் பலகையை அல்ல. திரும்பி நின்று அந்த மூன்று நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விட்டாள்.

குறி தவறியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நாற்காலிகளில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. தலைவர் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

திரும்பும்போது ரயில் நிலையத்தில் அக்காவின் பையின் வார் அறுந்துவிட்டது. அவள் பையை நாணால் இறுக்கிக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டாள். இறங்கிய கையோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

சங்கத்தில் பாராட்டுக் கூட்டம் நடந்தது. கீழிருந்து ஆவி வந்தது, எல்லோருக்கும் வியர்த்தது. செயலாளர் அறிக்கை வாசித்தார். "இழப்பு இல்லை. சேதம் இல்லை. பயன்படுத்தாத காரணத்தால் தேய்மானமும் இல்லை." கைதட்டல் அடங்க நேரமாயிற்று. போட்டி முடிவைப் பற்றிப் பொருளாளர் கேட்டார். அது விளையாட்டுப் பிரிவைச் சேர்ந்த விஷயம் என்று தலைவர் நினைவூட்டினார்.

பிறகுதான் பாகங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். நாணைக் காணவில்லை. உடனே, உதிரி என்று முன்பு எடுத்த முடிவு ரத்து செய்யப்பட்டது. நாணும் ஒரு பாகமே என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். மறுநாள் என் மேஜையில் விளக்கம் கேட்டு ஓர் ஓலை இருந்தது: "சங்கத்துக்குச் சொந்தமான விளையாட்டுக் கருவியின் முக்கியப் பாகத்தை, எந்த முன்யோசனையும் இன்றி, விளையாடுகிறவரிடமே ஒப்படைத்தது ஏன்?"

நியாயமான கேள்வி. பல முறை எழுதி எழுதிக் கிழித்தேன். பாடப் புத்தகத்தைப் புரட்டினேன்; இதுபோன்ற தவறு அதில் எங்கும் இல்லை. கடைசியில் மனதில் பட்டதை எழுதிக் கொடுத்துவிட்டேன்:

"ஐயா, மன்னிக்கவும். அந்த மைதானத்துக்கு நம் சங்கத்திலிருந்து எய்வதற்காக ஒருவர் வந்திருக்கிறார் என்று நான் நினைத்துவிட்டேன்."