பீரோவும் குக்கரும்

தொலைக்காட்சியில் சின்ன மருமகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அந்தப் பீரோவைத் தள்ளினா நகராது, திறந்தா உள்ளே ஒண்ணும் இருக்காது!" என்று கத்தியபோது, கூடத்தில் உட்கார்ந்திருந்த சின்னவனுக்கு வாயிலிருந்த தேநீர் மூக்கு வழியாக வெளியே வந்தது.

வசனம் மோசம் என்பதற்காக இல்லை. வசனத்தை எழுதியவனே அவன்தான். ஆனால் முதலில் சொன்னது அவன் மனைவி. சொன்னது அவன் அண்ணியைப் பற்றி. அந்த அண்ணி இப்போது அதே கூடத்தில், அதே சோபாவின் மறுகோடியில், வைத்த கண் வாங்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த வீட்டில் பீரோ என்றால் இரும்பில் செய்தது மட்டும் அல்ல. அண்ணி ஒரு வாசலில் நின்றால் இன்னொருவர் நுழைய முடியாது. மனசிலிருப்பதை லேசில் திறந்து காட்டவும் மாட்டாள். அதனால் சின்னவனின் மனைவி வைத்த பெயர் அது. பதிலுக்கு அண்ணி அவளுக்கு வைத்த பெயர் குக்கர். கொஞ்சம் சூடேறினால் விசில் அடித்துவிடுவாள். இரண்டு பெயர்களும் முதுகுக்குப் பின்னால் மட்டுமே புழங்குபவை. 'பீரோ' என்பதை எழுதும்போதே வேறு ஏதாவதாக மாற்ற வேண்டும் என்று சின்னவன் நினைத்தான். அவசரத்தில் மறந்துவிட்டான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவன் பேனாவால் கெட்டான்.

அவன் சீரியலுக்கு வசனம் எழுதுகிறான் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. வாஷிங் மெஷினோடு வருமே உபயோகக் குறிப்புப் புத்தகம், அதை எழுதுகிறான் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான். தொடரில் போடுவது புனைபெயர். முதல் வாரமே உண்மையைச் சொல்லிவிடத்தான் இருந்தான். அதற்குள் மனைவி திரையைப் பார்த்து, "இதை எழுதினவன் கையில கட்டி வர!" என்றாள். சொல்ல வந்தவன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

இத்தனைக்கும் அவனுக்குக் கற்பனை சுட்டுப்போட்டாலும் வராது. காது மட்டும் நல்ல காது. அவன் எழுதும் அறையின் ஜன்னலுக்குக் கீழேதான் வீட்டின் பின்பக்கம், வாஷிங் மெஷின் இருக்கும் இடம். மாடிக் குடித்தனமான அண்ணியும் கீழ்க் குடித்தனமான அவன் மனைவியும் சந்தித்துச் சண்டை போடுவது அங்கேதான். மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தால் மனைவி அதை நிறுத்திவிட்டுத்தான் திட்டுவாள். திட்டு வீணாகக்கூடாது என்பது அவள் கொள்கை போலும் என்று நினைத்துக்கொள்வான். கேட்டதை அப்படியே எழுதுவான், ஊரே பார்க்கும்.

அண்ணி ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள்.

"பீரோவாமே," என்றாள், யாரையும் பார்க்காமல்.

"சும்மா சீரியல்தானேக்கா," என்றாள் மனைவி.

"நான் உன்னைக் கேட்டனா? நீ ஏன் முந்திக்கிட்டு வர்ற? குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்குதோ?"

"எனக்கென்ன குறுகுறுப்பு? தொப்பி பொருந்தினா போட்டுக்கறவங்க போட்டுக்கட்டும்."

"இந்த வீட்டுப் பேச்சு வெளியே போகுது. யாரோ கொண்டு போறாங்க. அது யாருன்னு தெரியட்டும், அன்னிக்கே இந்தக் கூடத்துக்கு நடுவுல ஒரு சுவர் எழுப்பிடறேன்."

"தாராளமா எழுப்புங்க. அதுல ஒரு ஜன்னல்கூட வைக்காதீங்க."

ஜன்னலோரம் நாற்காலியில் அப்பா உட்கார்ந்து இருவரையும் பார்த்துப் புன்னகை செய்தார். அவருக்குக் காது மந்தம். அந்த வீட்டிலேயே நிம்மதியாக இருப்பவர் அவர் ஒருவர்தான்.

சின்னவன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். சுவரா? வேலை போனால் இன்னொன்று தேடலாம். அண்ணனோடு ஒரே கூரையில் இருப்பது போனால் எங்கே போய்த் தேடுவது? அம்மா போன பிறகு அவனுக்குத் தலை வாரிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பியவர் அண்ணன். இந்த வீடு இரண்டாகப் பிரிந்தால் அது தன் கை செய்த வேலையாகத்தான் இருக்கும் என்று நினைத்தபோது அவனுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அறைக்கும் கூடத்துக்குமாக நடந்தான்.

"என்னங்க, குட்டி போட்ட பூனை மாதிரி ஏன் நடக்கறீங்க?" என்றாள் மனைவி.

"மெஷின் ஒண்ணு தண்ணி ஒழுகுதாம். அதுக்கு என்ன எழுதறதுன்னு யோசிக்கிறேன்."

"குழாயை மூடச் சொல்லி எழுதுங்க. இதுக்கு ஒரு யோசனையா?"

மூட வேண்டிய குழாய் எது என்று அவனுக்குத் தெரியும். கெட்டதை எழுதிய பேனாவாலேயே அதைச் சரி செய்துவிடலாம் என்று தோன்றியது. அடுத்த வாரக் காட்சியில் பீரோ என்பது வசவு இல்லை, பாராட்டு என்று சின்ன மருமகளையே சொல்ல வைத்தான்.

"பீரோன்னா லேசா?" என்றாள் அவள் திரையில், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வீட்டுல இருக்கற தங்கமெல்லாம் அதுக்குள்ளதானே இருக்கு!"

சின்னவன் ஓரக்கண்ணால் அண்ணியைப் பார்த்தான். முகம் மலரும் என்று எதிர்பார்த்தான். அது வெளிறியது.

"தங்கமா?" என்றாள்.

அன்றைக்கென்று பார்த்து அண்ணனும் கூடத்தில் இருந்தார். கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தினார். "என்ன தங்கம்?"

"ஒண்ணுமில்லையே."

"ஒண்ணுமில்லாததுக்கு ஏன் உனக்கு வேர்க்குது? மேலே நம்ம பீரோவுல என்ன வச்சிருக்கே?"

அண்ணி மாடிக்கு ஓடினாள். அண்ணன் பின்னால் ஓடினார். மேலேயிருந்து கதவு சாத்தும் சத்தமும், "சிறுவாட்டுக் காசுல வாங்கின சங்கிலிங்க, சத்தியமா!" என்ற குரலும், "எனக்குத் தெரியாம ஒரு சங்கிலியா?" என்ற இடியும் இறங்கி வந்தன. கொஞ்ச நேரத்தில் அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு படியிறங்கி வெளியே போனார். தோள் குலுங்கியது. அண்ணன் அழுது சின்னவன் பார்த்ததே இல்லை.

"பாத்தீங்களா?" என்றாள் மனைவி அவன் காதருகில் வந்து. "அக்காவோட சங்கிலி விஷயம் எனக்கே தெரியாது. சீரியல்காரனுக்கு எப்படித் தெரிஞ்சுது? வீட்டுல உளவு இருக்குதுங்க."

"தற்செயலா இருக்கும்," என்றான் சின்னவன். அவன் வாழ்க்கையிலேயே முதன்முதலாகக் கற்பனையாக எழுதிய வரி அந்தத் தங்க வரிதான். அதுவும் நிஜமாகித் தொலைத்துவிட்டது.

உளவு என்று ஒன்று இருந்தால் அதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் வீட்டுக்கு வெளியே இருந்துவிட்டால் வீடு தப்பிக்கும். அடுத்த வாரம் தொடரில் ஒரு பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். மதில் சுவரில் காதை வைத்துக் கேட்டு ஊரெல்லாம் வத்தி வைத்தாள். எழுதி முடித்ததும் சின்னவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஒளிபரப்பான மறுநாள் மதியம் ஜன்னலுக்குக் கீழே புதுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தான். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா. சண்டைக்கு வந்தவள் தலை வாரி, பவுடர் போட்டு, புதுத் துணி உடுத்திக்கொண்டு வந்திருந்தாள்.

"உங்க வீட்டுல நேத்திலேருந்து என்கிட்ட யாரும் முகம் கொடுத்துப் பேசறதில்ல. என்னவாம்?" என்றாள்.

"அடுத்த வீட்டுல காது வைக்கறவங்ககிட்ட என்ன பேசறது?" என்றாள் அண்ணி.

"நான் ஊசியில நூல் கோக்கறவ. உங்க வீட்டுக் கதையைக் கோக்க எனக்கு நேரமில்ல!"

நல்ல வரி. அந்தக் கலக்கத்திலும் சின்னவனின் கை தானாகத் தாளைத் தேடியது. நல்ல வேளையாக அவள் அதையே இன்னொரு தடவை, இன்னும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். பிறகு மூன்று பெண்களும் சேர்ந்து போட்ட சத்தத்தில் கொடியில் உட்கார்ந்திருந்த காக்கை எழுந்து பறந்தது. இரண்டு பேருக்கு நடுவே இருந்த பகை இப்போது மூன்று பேருக்குப் பரவிவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

அன்று மாலை மனைவி சோற்றைப் பரிமாறிக்கொண்டே சொன்னாள்:

"தையல்காரம்மா இல்லைங்க. பாவம் அவங்க. ஆளு வீட்டுக்குள்ளதான். இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள கையும் களவுமா பிடிச்சுடுவேன்."

"பிடிச்சு?"

"பிடிச்சு என்ன, நீங்களே பாக்கத்தானே போறீங்க. ஏன், சாதத்தைப் பிசைஞ்சுகிட்டே இருக்கீங்க? குழம்பே ஊத்தலையே நான்."

இரண்டு நாள் அவனுக்குச் சோறும் இறங்கவில்லை, வரியும் வரவில்லை. கடைசியில் ஒரே மூச்சில் ஒரு காட்சி எழுதினான். மூத்த மருமகளும் சின்ன மருமகளும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். வீட்டில் இனி சண்டையே இல்லை. எழுதும்போது அவனுக்கே கண் கலங்கியது. தொடர் பார்த்து இந்த வீடு கெட்டதென்றால், தொடர் பார்த்தே திருந்தட்டும்.

காலையில் எடுத்துக்கொண்டு போனான். தயாரிப்பாளர் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னய்யா இது?"

"சமாதானம் சார்."

"சமாதானத்தை வச்சு நான் என்ன பண்றது? ரெண்டும் கட்டிப்பிடிச்சுகிட்டா ஜனங்க சேனலை மாத்திடுவாங்க. உன் வசனத்துல இருக்கற அந்தச் சூடு இருக்குதே, அதுக்குத்தான்யா ஊரே உக்காந்து பாக்குது. வெள்ளிக்கிழமை அந்த வீட்டுக்கு நடுவுல சுவர் எழும்பணும். ரெண்டு குடும்பமும் ரெண்டு பக்கம் நின்னு அழணும். போய் எழுது."

சுவர் என்ற சொல் காதில் விழுந்ததும் சின்னவன் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. தாளைச் சுருட்டி வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தான்.

கூடத்தின் நடுவில் ஒரு கொத்தனார் நின்றிருந்தார். கையில் அளவு நாடா. அதன் மறுமுனையை அண்ணன் பிடித்திருந்தார். அண்ணி ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். இருவர் முகமும் எதிரெதிர்ச் சுவரைப் பார்த்திருந்தது.

"இங்கேயே நிக்கட்டுமா, இன்னும் கொஞ்சம் தள்ளி நிக்கட்டுமா?" என்றார் கொத்தனார்.

"நடுவுல. சரியா நடுவுல," என்றாள் அண்ணி. சின்னவனைப் பார்த்ததும் குரலை உயர்த்தினாள். "டிவி அவங்க பக்கமே போகட்டும். அந்தச் சனியன் எனக்கு வேண்டாம்!"

"எனக்கு மட்டும் எதுக்கு? மாமா நாற்காலியை என் பக்கம் விடுங்க, போதும்!" என்றாள் மனைவி.

"மாமா எங்க பக்கம்தான்!"

ஜன்னலோரம் அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தது. உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார் போலும். அந்த நாற்காலியைப் பார்த்தான் சின்னவன். யார் பக்கம் என்று அதற்கு இனி ஒரு வழக்கு நடக்கப்போகிறது. அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒன்றும் பேசாமல் வாசலுக்குத் திரும்பிப் போய், படியில் நின்றபடியே தயாரிப்பாளருக்குப் போன் போட்டான்.

"சார், நான் சுவர் கட்டமாட்டேன்."

"சரிய்யா, வேலி போட்டுக்கோ."

"வேலியும் போடமாட்டேன். இனிமே நான் எழுதவே இல்லை சார். வேற ஆளைப் பாத்துக்கோங்க."

அந்தப் பக்கம் தயாரிப்பாளர் ஏதோ கத்தினார். அவன் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டான். உள்ளே வந்தான்.

"கொத்தனாரே, நாடாவைச் சுருட்டுங்க," என்றான்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"யாரையும் தேட வேண்டாம். வீட்டுப் பேச்சை வெளியே கொண்டு போனது நான்தான். அந்த சீரியலை எழுதறதே நான்தான். வாஷிங் மெஷின் புத்தகம், அது இதுன்னு சொன்னதெல்லாம் பொய். பீரோ, சங்கிலி, தையல்காரம்மா எல்லாம் என் வேலைதான். அண்ணி, என்னை மன்னிச்சிடுங்க. சுவர் மட்டும் வேண்டாம்."

அண்ணி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மனைவி தரையைப் பார்த்தாள், உதடு துடித்தது. அண்ணன் சட்டென்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இவர்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டோமே என்று சின்னவனுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து விழுங்காதா என்றிருந்தது.

"பயப்படாதீங்க," என்றான். "இனிமே இந்த வீட்டுப் பேச்சு ஒரு சொல்லும் வெளியே போகாது. வேலையை விட்டுட்டேன்."

"என்னது!" என்றார்கள் மூவரும் ஒரே குரலில்.

"இப்பத்தான், வாசல்லயே நின்னு சொல்லிட்டேன்."

மனைவி சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தாள். அண்ணியும் அவள் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தாள். கொத்தனார் அண்ணனைப் பார்த்தார், அண்ணன் கொத்தனாரைப் பார்த்தார்.

"யாரைக் கேட்டுத் தம்பி விட்டீங்க?" என்றாள் அண்ணி, குரலே எழும்பாமல்.

அவன் பதில் சொல்வதற்குள் உள்ளறைக் கதவு திறந்தது. தூங்கி எழுந்த அப்பா, கண்ணாடிகூடப் போடாமல், சுவரைத் தடவிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். சோபாவில் சேர்ந்து உட்கார்ந்திருந்த இரண்டு மருமகள்களின் உருவத்தைக் கண்ணை இடுக்கிப் பார்த்தவர், தனக்கே கேட்கும்படி உரக்கக் கேட்டார்:

"ஏம்மா, ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருக்கீங்க, இன்னிக்கு ஒத்திகை கிடையாதா? ஜன்னலுக்குக் கீழே சண்டை கேக்கலைன்னா சின்னவன் பாவம், எதைப் பாத்து எழுதுவான்?"